ரசிகன் என்றால் அவர் சொன்னதையெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

மஞ்சக்குப்பம் வாசகன்:
எனக்கு ஊர் கடலூர். ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பத்தில்தான் வீடு. கல்லூரி நாளிலிருந்து அவர் கதைகள் என்றால் உயிர். ஆனால் அரசியல் மேடைகளில் அவர் பேசிய பலதை என்னால் ஏற்க முடியாது. போன வாரம் டீக்கடையில் நண்பர் பிடித்துக்கொண்டார். "அவர் பேச்சுல பாதியை ஒதுக்கிட்டு நீ என்னய்யா ரசிகன்?" அதிலிருந்து மனசு ஆறவில்லை. நான் ரசிகன் இல்லையா?

பாதிரிப்புலியூர் பையன்:
நண்பர் கேட்டது நியாயம்தான் அண்ணே. பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் அவரை எங்கே முழுசாகப் பார்த்தீர்கள்?

முத்தியால்பேட்டை டீச்சர்:
தம்பி, ஒரு நாள் புதுச்சேரி பெருமாள் கோயில் தெருவுக்கு வாங்க. பாரதிதாசன் வாழ்ந்த வீடு இப்போது நினைவு அருங்காட்சியகம். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும்போது நான் தவறாமல் சொல்லும் விஷயம் இது.

1908 முதல் 1918 வரை பாரதி இங்கே இருந்தார். அப்போது அவரிடம் வந்து சேர்ந்த தமிழாசிரியர்தான் கனகசுப்புரத்தினம். பாரதி அவரைப் பாடச் சொல்லிக் கேட்டு, அந்தப் பாட்டைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார். இவரோ தன் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டார். அப்புறம் பாருங்க, பாரதி சக்தியைப் பாடியவர். இவர் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்குப் போய்க் கடவுள் மறுப்பைப் பாடினார். அதற்காகப் பெயரை விட்டாரா? 1964இல் கண்மூடும்வரை அதே பெயர்தான். பாரதி உலக கவி இல்லை என்று எழுதியவர்களுக்குப் பாட்டிலேயே பதில் கொடுத்ததும் இவர்தான். இப்படி ஒருவரைப் பாதி ரசிகர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று. ரசிகராக இருப்பதற்கு உழைப்பு வேண்டும். எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை, ஏன் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? அப்படியென்றால் நீங்கள் அவரை ஊன்றிப் படித்திருக்கிறீர்கள்.

பாதிரிப்புலியூர் பையன்:
சரி டீச்சர், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொன்னதும் ‘அக்கினிப் பிரவேசம்’ ஞாபகம் வந்தது. 1966இல் விகடனில் வந்த கதை. கெட்டுப்போனாள் என்று ஊர் சொல்லக்கூடிய மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அம்மா தேற்றுவாள். அந்த முடிவுக்கு எவ்வளவு எதிர்ப்பு! அந்த அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால் என்று ஜெயகாந்தனே எழுதிப் பார்த்ததுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். தன் கதையையே புரட்டிப் பார்த்த மனுஷன், அண்ணன் மறுத்துப் பேசினால் கோபித்துக்கொள்வாரா?

மஞ்சக்குப்பம் வாசகன்:
நன்றி டீச்சர், தம்பி. எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய பழைய பிரதி இருக்கிறது. பழுப்புத்தாள் அட்டை போட்டது. ஓரமெல்லாம் அவருடைய பென்சில் எழுத்து. ஒரு பக்கத்தில் "இது அநியாயம்" என்று அழுத்தி எழுதி, அடுத்த பக்கத்திலேயே "ஆஹா" என்று போட்டிருக்கிறார். நாளைக்கு டீக்கடைக்கு அதை எடுத்துப்போய் நண்பர் கையில் கொடுக்கப்போகிறேன்.