மாலத்தீவில் மாஃபுஷி தவிர்த்து அமைதியான தீவு எது? குழந்தையோடு 5 இரவு

அலைவாய் கேட்டது:

2026 பிப்ரவரி கடைசி வாரம், சென்னையிலிருந்து. பெரியவர்கள் இருவர், 6 வயதுக் குழந்தை ஒன்று, 5 இரவு. ரிசார்ட் கட்டுப்படியாகாது. அதனால் ஊர்மக்கள் வாழும் தீவில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் என்று முடிவு. எங்கே தேடினாலும் மாஃபுஷியைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே குளிக்கிற கடற்கரை சின்னது, கூட்டமோ அதிகம் என்று தெரிகிறது.

வேண்டியது இவ்வளவுதான்: குழந்தை பயமில்லாமல் இறங்க ஆழமில்லாத தண்ணீர், இரவில் சத்தமில்லாத அறை, சைவச் சாப்பாடு கிடைக்கவேண்டும் (மனைவி மீன்கூட எடுக்கமாட்டார்). பார்த்துவைத்த தீவுகள் திகுரா, உகுல்ஹாஸ், தொட்டூ, ஃபுலிதூ. அறை ஒரு இரவுக்கு 50 டாலர் என்று வருகிறது. இந்தத் தொகையை நம்பலாமா?

தோணித்துறை பதில்:

50 டாலர் என்பது பாதிக் கணக்குதான். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதன்மேல் 10% சேவைக் கட்டணம், அது சேர்ந்த தொகைமேல் சுற்றுலாவுக்கான ஜி.எஸ்.டி. இந்த வரி 2025 ஜூலை 1 முதல் 17%. ஆக 50 என்பது 55 ஆகி, பிறகு 64.35 ஆகிறது.

அடுத்தது பசுமை வரி. 50 அறைக்கு மிகாத கெஸ்ட்ஹவுஸில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர். 2025 ஜனவரிக்கு முன்னால் 3 ஆக இருந்தது. பழைய பயணக் கட்டுரைகளில் இன்னும் அந்த 3 தான் கிடக்கிறது. 2 வயதுக்குக் கீழே இருந்தால்தான் விலக்கு, எனவே உங்களுக்கு மூன்று தலை, 18 டாலர். ஒரு இரவு 82.35 ஆகிவிட்டது. 5 இரவுக்கு 411.75.

இதோடு ஸ்பீட்போட். உகுல்ஹாஸுக்கு ஒரு வழிக்குப் பெரியவருக்கு 50, குழந்தைக்குப் பாதி என்று வைத்தால் போகவர 250 டாலர். மொத்தம் 661.75. டாலர் 89 ரூபாய் என்று பிடித்தால் ஏறக்குறைய 59,000 ரூபாய். விமானமும் சாப்பாடும் இதில் சேராது.

மாஃபுஷிக்குப் படகு இதில் பாதிதான் வரும். அதாவது தூரத்துத் தீவுக்குப் போவதால் கூடுகிற செலவு சுமார் 125 டாலர். 5 இரவில் பிரித்தால் இரவுக்கு 25. அமைதிக்காகக் கொடுக்கும் விலை அதுதான், அதைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. 2 இரவுக்கென்றால் கொடுக்கவே கூடாது; 7 இரவுக்கென்றால் யோசிக்கவே வேண்டாம். எல்லாரும் அறை வாடகையை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தீர்மானிப்பது படகுக்கூலியை எத்தனை இரவால் வகுக்கிறோம் என்பதுதான்.

முன்பதிவுக்கு முன்னால் கெஸ்ட்ஹவுஸுக்கு எழுதும்போது இப்படிக் கேளுங்கள்: "மூன்று பேருக்கு, 5 இரவுக்கு, எல்லா வரியும் பசுமை வரியும் இருவழிப் படகும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? குழந்தைக்குப் படகில் எவ்வளவு? அட்டையில் கட்டினால் கூடுதலா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். அட்டைக்குத் தனியாகச் சில சதவீதம் போடுகிற இடங்கள் உண்டு.

மாசிக்கருவாடு பதில்:

தீவைப் பார்க்கும் முன் தேதியை மாற்றுங்கள். 2026-இல் ரமலான் பிப்ரவரி 18 ஒட்டித் தொடங்கி மார்ச் 20 வாக்கில் பெருநாள். நீங்கள் சொல்லும் வாரம் நோன்புக்குள் வருகிறது. ஊர்த்தீவுகளில் பகலில் டீக்கடையும் உணவகமும் மூடியிருக்கும். கெஸ்ட்ஹவுஸ் விருந்தாளிகளுக்குச் சமைத்துத் தருவார்கள், ஆனால் சைவத்துக்கு வேறு கடை தேடிப் போக வழியிருக்காது. வெளியில் உண்பதும் குடிப்பதும் மரியாதை ஆகாது. 6 வயதுப் பிள்ளையோடு அது கஷ்டம். நோன்பு மாதத்தில் ஊர் அடங்கியிருக்கும், வாடகையும் கொஞ்சம் இறங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. பெரியவர்கள் மட்டும் என்றால் சரி, உங்களுக்கு வேண்டாம்.

மாற்றுக்கு இரண்டு வாய்ப்பு. பொங்கல் விடுமுறை 2026 ஜனவரி 14 புதன் முதல் 18 ஞாயிறு வரை விழுகிறது. வெயில் நன்றாக இருக்கும், ஆனால் 5 இரவு தங்க ஒரு நாள் குறையும், விமானமும் ஏறியிருக்கும். இரண்டாவது, ஏப்ரல் 8-க்குப் பிறகு. ஈஸ்டர் ஏப்ரல் 5-இல் முடிகிறது. ஐரோப்பியர் கூட்டம் கலைந்ததும் வாடகை இறங்கும். வாடைக்காற்று அடங்கி, தென்மேற்குக் காற்று இன்னும் கிளம்பாத இடைவெளி அது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். வெயில் மட்டும் கொளுத்தும்.

மாலத்தீவுக்காரர்கள் பருவத்தைக் கணிப்பதே நம் நட்சத்திரங்களை வைத்துத்தான். 'நகை' என்பார்கள், ஆண்டுக்கு 27, ஒவ்வொன்றும் 13, 14 நாள். அஸ்ஸிதா (அசுவினி) ஏப்ரல் 8-இல் தொடங்குகிறது, பிறகு புருனு (பரணி), மே 6-இல் கெதி (கார்த்திகை). நமக்குக் கத்தரி வெயில் நடக்கும் அதே நாட்களில் அவர்களுக்கு மழைக்காற்று ஏறிவிடும். அதனால் ஏப்ரல் 20-க்குள் ஊர் திரும்பும்படி வையுங்கள்.

சைவத்துக்கு ஓர் எச்சரிக்கை. காலையில் 'மஸ் ஹுனி' தருவார்கள்: தேங்காய்த்துருவல், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு, கூடவே உதிர்த்த சூரை மீன். மீனைத் தேங்காயோடு அவ்வளவு மெல்லியதாகப் பிசைந்திருப்பார்கள், பார்வைக்குத் தேங்காய்ப்பூ போலவே இருக்கும். கீரை அரிந்து பிசைந்ததிலும் அதே மீன் இருக்கும். நம் வீட்டில் மாசிக்கருவாடு என்கிறோமே, அது இந்த நாட்டுச் சரக்குதான். அவர்கள் சமையலில் அது உப்புப்போல. "சைவம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். "மீன் வேண்டாம், மாசி வேண்டாம், ரிஹாகுரு வேண்டாம்" என்று மூன்றையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ரிஹாகுரு என்பது மீன்சாற்றைச் சுண்டக் காய்ச்சிய கறுப்பு விழுது. ரொஷி (நம் சப்பாத்திதான்), பருப்பு, முட்டை, சோறு எங்கும் கிடைக்கும். தொட்டூ என்றால் தர்ப்பூசணியும் பப்பாளியும் தோட்டத்திலிருந்தே வரும். நாட்டிலேயே பெரிய விவசாயத் தீவு அதுதான்.

நீரோட்டம் பதில்:

நான்கு தீவில் திகுராவை இப்போதைக்கு விடுங்கள். அழகில் குறையில்லை: மூன்று கிலோமீட்டர் நீளம், தென்கோடியில் நீண்ட மணல்திட்டு. ஆனால் தலைநகர் மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் இரண்டு மணி நேரம், கட்டணமும் கூடுதல். அங்கே போகிறவர்கள் போவது திமிங்கலச் சுறாவுக்காக, அது அந்தப் பக்கம் ஆண்டு முழுக்க உண்டு. படகிலிருந்து ஆழ்கடலில் குதித்து, சுறாவின் உடலுக்கு 3 மீட்டர், வாலுக்கு 4 மீட்டர் தள்ளி நீந்தவேண்டும். 6 வயதுக்கு அது ஆகாது. மணல்திட்டு முனையிலும் கவனம் வேண்டும்: இரண்டு பக்கத் தண்ணீரும் அங்கே சந்தித்து ஓடும், இடுப்பளவில் நிற்பவரையே இழுக்கும்.

தொட்டூவுக்கு ஒரு குறை. அது எந்தப் பவள வளையத்துக்குள்ளும் (வளையமாக அமைந்த பவளத்திட்டும் தீவுகளும், 'அட்டோல்' என்பார்கள்) இல்லை, தனியாகக் கடலில் நிற்கிறது. போகிற வழியில் பெரும்பகுதி திறந்த கடல். ஏப்ரலில் பிரச்சினை இல்லை. ஜூன், ஜூலையில் படகு தூக்கித் தூக்கிப் போடும். உகுல்ஹாஸ் போவதற்கும், மாலே வளையத்துக்கும் அரி வளையத்துக்கும் நடுவே உள்ள திறந்த கடலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஃபுலிதூவுக்குத் தெற்கு மாலே வளையத்தின் மறைவிலேயே பெரும்பாதி தூரம் போய்விடலாம், கடைசியில் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு கடற்கால்வாய்தான். வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் இந்த வித்தியாசம் பெரிது. எந்தப் படகானாலும் பின்வரிசையில் உட்காருங்கள். முன்பகுதிதான் அலைமேல் எழும்பி அடிக்கும், முதுகெலும்பு வலிக்கும்.

கடற்கரையைத் தேர்ந்தெடுக்கக் கெஸ்ட்ஹவுஸ் போடும் படங்களை நம்பவேண்டாம். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து தீவை முழுத்திரையில் வையுங்கள். மணலை ஒட்டி வெளிர்நீலம் அகலமாக இருந்தால் அது ஆழமில்லாத களப்பு, குழந்தைக்கு ஏற்றது. கரையிலிருந்து சில பத்து மீட்டரிலேயே கருநீலம் தொடங்கினால் பவளத்திட்டின் விளிம்பு அருகில் இருக்கிறது. ஸ்நோர்கெலிங்குக்கு (கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீந்துவது) அருமை, குழந்தை இறங்க ஆபத்து. வெளிர்நீலத்துக்குள் பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் கடற்புல் அல்லது செத்த பவளம். கடல் வற்றும் நேரத்தில் அங்கே முழங்கால் தண்ணீரில் விரல் விரலாக உடைந்த பவளத்துண்டுமேல் நடக்கவேண்டிவரும், ரப்பர் செருப்பு இல்லாமல் கால் கிழியும்.

அப்புறம் துறைமுகம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தோண்டிய துறைமுகத்துக்குப் பக்கத்துக் கரையில் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். நீச்சலுடைக்கு அனுமதித்த கடற்கரை துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுங்கள். மற்றக் கரைகளில் தோளும் தொடையும் மூடிய உடை வேண்டும். டீஷர்ட்டும் முழங்கால்வரை கால்சட்டையும் போட்டு இறங்கினால் எங்கும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நம் குடும்பங்களுக்கு இது பெரிய தடையே அல்ல.

காற்றுப் பக்கத்தையும் மறக்காதீர்கள். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று, அப்போது மேற்குக் கரை அமைதி. மே முதல் அக்டோபர்வரை நேர்மாறு. மணலும் பருவத்தோடு தீவைச் சுற்றி நகரும். ஜனவரிப் படத்தில் அகலமாகத் தெரிந்த கரை ஆகஸ்டில் வேர் தெரியத் தேய்ந்திருப்பது அதனால்தான். விமர்சனங்களைப் படிக்கும்போது நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள்.

என் தேர்வு உகுல்ஹாஸ். சுத்தத்துக்குப் பேர்போன தீவு, குப்பையை ஒழுங்காக அள்ளுகிறார்கள். படகுப் பயணம் பயமென்றால் ஃபுலிதூ. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். அங்கே கரையோரமே திருக்கை வரும். பிள்ளையைக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள், மணலுக்குள் படுத்திருப்பது விலகிப் போய்விடும். மிதித்தால்தான் முள்ளால் குத்தும்.

அலைவாய்:

தேதியை ஏப்ரல் 9க்கு மாற்றுகிறோம், உகுல்ஹாஸ். மிக்க நன்றி. சென்னையிலிருந்து கிடைக்கும் மலிவான விமானம் மாலேயில் மாலை 4.30க்கு இறங்குகிறது. இது போதுமா? அறைச் சத்தம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தோணித்துறை பதில்:

போதாது. தூரத்துத் தீவுகளுக்குப் பிற்பகல் ஸ்பீட்போட் பெரும்பாலும் 3 முதல் 4 மணிக்குள் கிளம்பிவிடும், இருட்டியபின் ஓடாது. 4.30க்கு இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டி எடுக்க 5.30 ஆகிவிடும். தனிப்படகு பிடித்தால் பல நூறு டாலர். விமானத்தில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு அங்கே போகும். பகல் 1 மணிக்குள் இறங்கும் விமானம் பாருங்கள், கொழும்பு அல்லது திருவனந்தபுரம் வழியாகவும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் முதல் இரவு ஹுல்ஹுமாலேயில் தங்கி (விமான நிலையத்திலிருந்து சாலை உண்டு, டாக்சியில் போகலாம்) காலைப் படகு பிடியுங்கள். நேரத்தைப் படிக்கும்போது மாலே நம்மைவிட அரைமணி பின்னால் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திரும்பும் நாள் வெள்ளிக்கிழமையாக வேண்டாம். அரசு ஃபெர்ரி அன்று இல்லை, தனியார் படகும் ஜும்ஆ தொழுகை நேரத்தைச் சுற்றி மாறும். ஏப்ரல் 9 வியாழன். 5 இரவு என்றால் 14 செவ்வாய், சரியாக வருகிறது.

ஐமூகா என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் நிரப்பவேண்டும், வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை. இலவசம். இதற்குக் காசு கேட்கும் தளங்கள் நிறைய, அவற்றில் நுழையாதீர்கள். விசாவும் இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட உறுதிச்சீட்டும் கையில் இருக்கவேண்டும்.

மாசிக்கருவாடு பதில்:

சத்தம் பற்றி: எல்லா ஊர்த்தீவிலும் டீசல் மின்நிலையம் ஒன்று உண்டு, இரவும் பகலும் ஓடும். சின்னத் தீவில் அதன் இரைச்சல் இரண்டு மூன்று தெருவுக்குக் கேட்கும். வரைபடத்தில் எண்ணெய்த் தொட்டிகளோடு நீளமான தகரக் கூரை தெரிந்தால் அதுதான். இரண்டாவது, பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறதா என்பது. புது கெஸ்ட்ஹவுஸ்கள் ஓயாமல் கட்டுகிறார்கள், காலை 8க்குக் கலவை இயந்திரம் தொடங்கிவிடும். "பக்கத்தில் இப்போது கட்டுமானம் நடக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். பள்ளிவாசல் அருகில் என்றால் விடியற்காலை பாங்கு கேட்கும், அது ஊரின் வழக்கம். லேசான தூக்கக்காரர் நான்கு தெரு தள்ளி எடுத்துக்கொள்ளலாம்.

பணமாக 150 டாலராவது சின்னத் தாள்களில் கொண்டுபோங்கள், 5, 10, 20 என்று. தீவில் ஏ.டி.எம். இருந்தாலும் வேலை செய்யும் என்று நம்பியிருக்க முடியாது. கடையில் ருஃபியாவில் (அந்நாட்டு நாணயம்) விலை சொன்னால் டாலருக்கு 15.42 என்று கணக்குப் போடுங்கள். 15 என்று வட்டமாக்கிச் சொன்னால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் போகும். வரும் வழியில் மது வாங்காதீர்கள், சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் தருவார்கள்.

அலைவாய்:

குழந்தைக்கு ஸ்நோர்கெல் கண்ணாடி அங்கே வாடகைக்குக் கிடைக்குமா?

நீரோட்டம் பதில்:

பெரியவர் அளவுதான் இருக்கும், பிள்ளைக்கு மூக்கோரம் தண்ணீர் ஏறும். சிலிக்கான் விளிம்புள்ள குழந்தைக் கண்ணாடியை இங்கேயே வாங்கி, வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். கையை எடுத்தபின்னும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. மிதவை உடுப்பும் பிள்ளை அளவில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.