உரிமையாளரிடமே தவணை பேசி வாங்கிய வீடு: தொடர முடியாவிட்டால் விலகுவது எப்படி?

கேள்வி – கொழிஞ்சாம்பாறைவாசி (பாலக்காடு மாவட்டம்)

வங்கிக் கடன் கிடைக்காததால், இங்கே ஐந்து சென்ட் நிலத்தோடு கூடிய ஓட்டு வீடு ஒன்றை உரிமையாளரிடமே தவணை பேசி 30 லட்சத்துக்கு முடித்தேன். 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறிய பின், மாதம் 25,000 வீதம் இதுவரை 5 லட்சம் கட்டியிருக்கிறேன். முழுத் தொகையும் தீர்ந்த பிறகே ஆதாரம் (கிரயப் பத்திரம்) பதிவாகும். பொள்ளாச்சியில் நான் வேலை பார்க்கும் கயிறு ஆலையில் ஷிஃப்ட் குறைந்துவிட்டதால் இனித் தொடர வழியில்லை. மூன்று தவணை தவறினால் கொடுத்த பணம் முழுவதும் விற்பவரைச் சேரும் என்று கராறில் (ஒப்பந்தத்தில்) இருப்பதைக் காட்டி, வெறுங்கையோடு காலி செய்யச் சொல்கிறார். 8 லட்சமும் போனதுதானா?

பதில் 1 – வக்கீல் குமாஸ்தா

கராறில் எழுதிவிட்டார் என்பதற்காக எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, அபராதமாக என்ன தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் தராது. ஃபதே சந்த் வழக்கில் (1963), 1,12,500 ரூபாய்க்குப் பேசிய டில்லி பங்களாவுக்கு 1,000 ரூபாய் முன்பணமாகவும் 24,000 ரூபாய் பின்னரும் கைமாறியிருந்தன. அந்த 1,000 ரூபாயை மட்டும் விற்றவர் வைத்துக்கொள்ளலாம், 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் வாங்கியவர் இடத்தை அனுபவித்த காலத்துக்கு ஈடு தர வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் 3 லட்சத்தை மறந்துவிடுங்கள். 5 லட்சத்தில் நீங்கள் குடியிருந்த மாதங்களுக்கான வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

பதில் 2 – ஆதாரம் எழுதுபவர்

வழக்குக்கு முன் கராறை இன்னொரு முறை படியுங்கள். "தங்கள் பெயருக்கோ தாங்கள் காட்டும் நபர் பெயருக்கோ" கிரயம் செய்து தருவதாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இருந்தால், வேறொருவரைக் கொண்டுவந்து, நீங்கள் கட்டியதை அவரிடம் வாங்கிக்கொண்டு விலகலாம், அட்வான்ஸும் தப்பும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அது கைகூடாவிட்டால், தொகையும் தேதியும் குறித்த ரத்துப் பத்திரம் எழுதும் வரை சாவியையும் அசல் கராறையும் கொடுத்துவிடாதீர்கள். கராறு பதிவு செய்யப்பட்டதென்றால் ரத்தையும் பதிவு செய்யுங்கள். தவணைக்காகத் தேதியிட்டுக் கொடுத்த செக்குகள் அவரிடம் இருந்தால் ஒவ்வொன்றையும் எண்ணி வாங்குங்கள். அவற்றில் ஒன்று வங்கியில் திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138ஆம் பிரிவின் கீழ் உங்கள் மீது வழக்கு வரலாம்.

கேள்வியாளர்

அந்த வரி இருக்கிறது. செக்குகளும் அவரிடமே உள்ளன. ஆள் கிடைக்கும் வரை பணம் கொடுக்காமல் வீட்டில் இருந்துகொண்டே பேசலாமா?

பதில் 3 – சித்தூர்

அதை நம்பி இருக்காதீர்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு, தன் பங்கை நிறைவேற்ற ஆயத்தமாக உள்ளவருக்கே பாதுகாப்பு தரும். 2001க்குப் பின் கராறும் பதிவாகியிருக்க வேண்டும். வாடகை அளவுக்காவது ரசீதோடு கொடுத்து வாருங்கள். அவர் பேச மறுத்தால் சித்தூர் தாலுகா சட்டப் பணிக் குழுவில் மனுக் கொடுங்கள். வழக்குப் போடாமலே லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) அழைப்பார்கள், கட்டணம் இல்லை. அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மீது அப்பீல் கிடையாது.