அடல்ட் சர்வீஸ் விளம்பர சைட் டிசைன், யுஎக்ஸ் (பயனர் அனுபவம்) தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் மக்களே, நான் நியூசிலாந்துல இருக்கேன், இங்க 2003லேருந்து பாலியல் தொழில் குற்றம் கிடையாது, அதனால விளம்பர சைட்டெல்லாம் வெளிப்படையாவே நடக்குது, அதுல ஒண்ணை ரீடிசைன் பண்ற வேலை வந்திருக்கு.

இப்போ இருக்கறது ரொம்ப மோசம். கறுப்புல அடர் சிவப்பு எழுத்து, கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) குறைஞ்சபட்சம் இருக்க வேண்டிய 4.5:1 கூட வரல, போன்ல ஃபில்டரை தொறந்தா மூடுற பட்டன் பேனருக்கு அடியில போயிடுது, ஊரை மாத்தினா மத்த ஃபில்டர் எல்லாம் அழிஞ்சுடுது.

இதெல்லாம் சரி பண்ணிடலாம், ஆனா எனக்கு பெரிய கவலை விளம்பரம் குடுக்குறவங்க பாதுகாப்புதான். அவங்க ஏத்துற போட்டோல இருக்கற ஜிபிஎஸ் டேட்டாவை சைட் அழிக்கறதே இல்ல, எவன் வேணா டவுன்லோட் பண்ணி வீடு எங்கன்னு பாத்துடலாம், இதை இவ்வளவு நாள் எப்படி விட்டாங்கன்னே புரியல! விளம்பரத்தை நிறுத்தற பட்டனும் மெனுவுக்குள்ள மெனுவா ஒளிஞ்சிருக்கு.

ரெண்டு விஷயத்துல உதவி வேணும். சட்டுனு வெளியேறுற பட்டன் வெச்சேன், லொக்கேஷன் ரிப்ளேஸ் (ஹிஸ்டரில இப்போ இருக்கற பக்கத்துக்கு பதிலா வேற பக்கத்தை வைக்கிற ஜாவாஸ்க்ரிப்ட் கட்டளை) போட்டும் முந்தி பாத்த பக்கங்க ஹிஸ்டரில நிக்குது, பேக் அடிச்சா திரும்ப வருது, இதை எப்படி சமாளிச்சீங்க? அப்புறம் 18 வயசு கேக்குற பாப்அப்ல ஸ்க்ரீன் ரீடர் (பார்வை இல்லாதவங்களுக்கு திரையை வாசிச்சு சொல்ற மென்பொருள்) ஃபோகஸ் பின்னாடி இருக்கற பக்கத்துக்கு ஓடிடுது. வயர்ஃப்ரேம் (பக்க அமைப்போட வரைவு) வேணும்னா இன்பாக்ஸ்ல அனுப்புறேன், அதுல படம் எதுவும் இல்ல.