மெய்நிகர் எந்திரம்: அணைப்பதா, அணைய விடுவதா?

தருமபுரியிலிருந்து:

கேவிஎம் (ஒரே சர்வருக்குள் மென்பொருளாலான பல கணினிகளை, அதாவது மெய்நிகர் எந்திரங்களை, ஓட்டும் லினக்ஸ் வசதி) சர்வர் கையேட்டைத் தமிழாக்குகிறேன், 'ஷட்டவுன்' வரும் இடமெல்லாம் இடிக்கிறது அண்ணா. 'பணிநிறுத்தம்' என்றால் வேலைநிறுத்தம்தான் காதில் விழுகிறது. பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் எடுப்பதையும் இங்கே ஷட்டவுன் என்றே சொல்வதால் 'மின்நிறுத்தம்' குழப்பும். விளக்கை அமர்த்துவது போல 'அமர்த்தல்' என்று வைக்கலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து:

வேண்டாம் தம்பி, 'பணியமர்த்தல்' என்று அது ஆள் எடுக்கப் போய்விட்டது. அந்த எந்திரங்களுக்குக் கட்டளை கொடுக்கும் 'விர்ஷ்' கருவி என்ன செய்கிறது என்று பார்த்தால் சொல் தானே வரும்.

'விர்ஷ் ஷட்டவுன்' எதையும் நிறுத்துவதில்லை. பவர் பட்டனை அமுக்கியதாக ஏசிபிஐ (மின்கட்டுப்பாட்டுக்கான பொது நெறி) வழியே விருந்தினர் இயங்குதளத்துக்கு, அதாவது மெய்நிகர் எந்திரத்துக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு, தெரிவிக்கிறது, அவ்வளவுதான். டேட்டாபேஸை மூடி, கோப்பமைப்பை அன்மவுண்ட் செய்து, அதுவே அணைய வேண்டும். கட்டளை உடனே திரும்பிவிடும். முடிந்தது என்று நம்பி ஹோஸ்டை (எந்திரங்களைத் தாங்கும் நிஜ சர்வரை) நிறுத்துகிறவர்களும் உண்டு. நிலையைக் காட்டும் 'டொம்ஸ்டேட்' கட்டளை கொடுத்து 'ஷட் ஆஃப்' என்று வருகிறதா பாருங்கள். உள்ளே ஏசிபிஐயைக் கவனிக்க நிரல் இல்லையென்றால் எத்தனை முறை சொன்னாலும் அசையாது. கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்ட் சொல்வதைக் கேட்டு உள்ளிருந்து செய்யும் சிறு நிரல்) நிறுவி, ஏஜென்ட் முறையில் சொல்லிப் பார்க்கலாம்.

'டெஸ்ட்ராய்' கட்டளை வேறு. பிளக்கைப் பிடுங்குவது. பந்தியில் சாப்பிடுகிறவர் இலையை உருவுகிற மாதிரி. எழுதி முடியாத தரவு போய்விடும். ஆனால் வட்டுக்கோப்பு அழியாது. ஆகவே அதை 'அழி' என்று பெயர்த்தால் படிக்கிறவர் மிரண்டுபோவார்.

நம் மொழியில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. விளக்கு அணைந்தது, விளக்கை அணைத்தேன். தன்வினை, பிறவினை. முதலாவது 'தானணைவு', இரண்டாவது 'மின்னறுப்பு'. கட்டளை விளக்கத்தில் 'அணையச் சொல்' என்றே எழுதலாம்.

தருமபுரியிலிருந்து:

'அணைப்பு' தழுவலாகவும் கேட்கும் என்று பயந்தேன், 'அணைவு' தப்பிக்கிறது. ஆனால் 'தான்' என்றதும் ஆட்டோமேட்டிக் என்று நினைக்க மாட்டார்களா? 'மேனேஜ்ட்சேவ்' கட்டளை எதில் சேரும்?

கிருஷ்ணகிரியிலிருந்து:

நியாயமான கேள்வி. அப்படியானால் 'சொல்லணைவு': சொன்னபின் அணைவது. தானணைவைவிட இதுவே துல்லியம்.

மேனேஜ்ட்சேவ் இரண்டிலும் சேராது. நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு எந்திரத்தை நிறுத்துகிறது, 'உறைசேமிப்பு' எனலாம். 16 ஜிபி நினைவகம் என்றால் வட்டிலும் அந்த அளவுக்கு இடம் விட்டுவையுங்கள். மீண்டும் எழும்போது உள்ளே கடிகாரம் பின்தங்கியிருக்கும், நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

கையேட்டில் இதையும் சேருங்கள். ஹோஸ்ட் அணையும்போது எந்திரங்களை அணையச் சொல்லும் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சேவையின் அமைப்பில் காத்திருப்பு 300 நொடி, ஒன்றன்பின் ஒன்றாக என்று வைத்தால் 6 எந்திரத்துக்கு மோசமான நிலையில் 30 நிமிடம். 20 நிமிட யுபிஎஸ் தாங்காது. ஒரே நேரத்தில் பலவற்றை அணையச் சொல்லும் அமைப்புக்கு மாற்றுங்கள். அப்போது அந்த 300 நொடி எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆனால் டேட்டாபேஸுக்கு முன்னால் அதை நம்பியிருக்கும் செயலி அணைய வேண்டுமே! அந்த இரண்டை மட்டும் முன்கூட்டியே கையால் வரிசையாக முடித்துவிடுவது நல்லது.

தருமபுரியிலிருந்து:

சொல்லணைவு, மின்னறுப்பு, உறைசேமிப்பு மூன்றையும் ஏற்றிவிடுகிறேன். சஸ்பெண்ட்?

கிருஷ்ணகிரியிலிருந்து:

'இடைநிறுத்தம்'. நினைவகம் ஹோஸ்டிலேயே இருக்கும், கரண்ட் போனால் அதுவும் போகும் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 'இடைநீக்கம்' மட்டும் வேண்டாம் தம்பி, அது ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வாங்குகிற ஆர்டர்.