50 ஹெர்ட்ஸ் இரைச்சல்: சிமுலேஷன நம்பி போர்டு அடிக்கலாமா?

முத்தியால்பேட்டை_தம்பி:
மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் பந்தல்ல மைக் செட் போடுறோம். ஸ்பீக்கர்ல ஒரே 'ம்ம்ம்' சத்தம். கரண்ட் லைனோட 50 ஹெர்ட்ஸ்தான்னு நெனச்சு, எல்டிஸ்பைஸ்ல (சர்க்யூட்ட கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்குற சாஃப்ட்வேர்) அத மட்டும் வெட்டுற ட்வின்-டி நாட்ச் ஃபில்டர் வரைஞ்சேன்: ரெசிஸ்டர் 33 கே, கெபாசிட்டர் 100 நானோ, ஓப்-ஆம்ப் (பெருக்கி ஐசி) வச்சு க்யூ 5 (க்யூ கூடுனா வெட்டு ஒடுங்கும்). கோடு ஊசி குத்தின மாதிரி இறங்குது. போர்டு அடிக்கக் கொடுத்துடலாமா?

மஞ்சக்குப்பம்_ரிப்பேர்:
கொடுக்காத தம்பி. 33 கே, 100 நானோன்னா குழி விழுறது 48.2 ஹெர்ட்ஸ்ல. உன் இரைச்சல் 50ல. க்யூ 5ல அங்க குறையுறது வெறும் 9 டெசிபெல். இதுல மைலார் கெபாசிட்டர் பத்து சதவீதம் முன்னபின்ன வரும். ஸ்கிரீன பாத்து போர்டு அடிச்சவங்க திருப்பித் தூக்கிட்டு வர்றது என் கடைக்குத்தான்.

லாஸ்பேட்டை_ஸ்பைஸ்:
அண்ணே, அந்த 9 டெசிபெல்லையும் அதே சிமுலேஷன்தான் காட்டும். கர்சர 50ல வச்சுப் பாக்காதது யார் குத்தம்? ரெசிஸ்டர் 31.6 கே போட்டா 22 டெசிபெல்லுக்கு மேல குறையும். கெபாசிட்டர் மதிப்புல எம்சி ஃபங்ஷன் (மதிப்ப முன்னபின்ன தானா மாத்திப் பாக்குறது) போட்டு நூறு தடவ ஓட்டட்டும், எல்லாமே பத்து சதவீதம் கூடுனா மூணு நாலு டெசிபெல்தான் மிஞ்சும்னு தெரிஞ்சிடும். பிரெட்போர்டுல (சால்டர் இல்லாம சொருகிப் பாக்குற பலகை) நீங்க பாக்குறது ஒரே ஒரு செட்டு.

மஞ்சக்குப்பம்_ரிப்பேர்:
நூறு கோடு வரைஞ்சு என்ன பண்றது? நாலு கெபாசிட்டர மீட்டர்ல அளந்து ஜோடி சேத்தா முடிஞ்சுது. ஓப்-ஆம்ப் இல்லாமலே போடேன்.

லாஸ்பேட்டை_ஸ்பைஸ்:
ஓப்-ஆம்ப் எடுத்துட்டா அகலமாயிடும். 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் தின்னும், 100ல எட்டு டெசிபெல்லுக்கு மேல போகும். தவில்ல தொப்பிப் பக்கமே கேக்காது. பந்தல்காரங்ககிட்ட அடி வாங்குறது யாரு?

மஞ்சக்குப்பம்_ரிப்பேர்:
சரி, இதுக்கு பதில் சொல்லு. சின்ன கெபாசிட்டர் போதும்னு ஒருத்தர் 1 நானோ கெபாசிட்டர், 3.3 மெக் (மெகா ஓம்) ரெசிஸ்டர் போட்டுக் கொண்டுவந்தாரு. சிமுலேஷன்ல அதே கோடுதான். தேவனாம்பட்டினம் உப்புக்காத்துல போர்டு மேல கசிவு வந்து குழி எங்கயோ போயிடுச்சு. கடல் காத்துக்கு எந்த லைப்ரரில மாடல் இருக்கு?

லாஸ்பேட்டை_ஸ்பைஸ்:
அந்தக் கசிவுக்குப் பதிலா ரெசிஸ்டருக்குக் குறுக்க 20 மெக் போட்டு ஓட்டுனா தெரியும்ணே.

மஞ்சக்குப்பம்_ரிப்பேர்:
போடணும்னு தெரிஞ்சாதானே போடுவ?

வில்லியனூர்_வயர்மேன்:
ரெண்டு பேரும் இருங்க. தம்பி, அந்த இரைச்சல் 50தானா? போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டுப் பாரு. 100 மட்டும் தலை தூக்குனா சப்ளைல மெயின் கெபாசிட்டர் காலி. ஃபில்டரே வேணாம்.

முத்தியால்பேட்டை_தம்பி:
பாத்தேன்ணே. 50ம் இருக்கு, 150ம் இருக்கு. 100 கம்மி.

மஞ்சக்குப்பம்_ரிப்பேர்:
அப்ப ரெண்டு இடத்து எர்த் வழியா வர்ற இரைச்சலா இருக்கும். மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே பிளக் பாயின்ட்ல கரண்ட் எடு. அப்புறம் பாக்கலாம்.

லாஸ்பேட்டை_ஸ்பைஸ்:
இதுல மட்டும் அண்ணன் கட்சி. ஆனா 31.6 கேவ மறந்துடாத.