57 வயது, 92 கிலோ, முதுகுவலி: காட்டில் படுக்க எப்படிப்பட்ட ஹேமக் (மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கை) வாங்குவது?

காஜாங் பஸ்காரர்

முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். உட்காருகிற விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. படுக்கிற விஷயத்தில்தான் போன மாதம் தோற்றுவிட்டேன்.

அக்காள் மகன் நுவாங் மலைக்குக் கூப்பிட்டான். 1,493 மீட்டர் உச்சியெல்லாம் என் முழங்காலுக்கு ஆகாது. லோலோ முகாமில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் அவர்கள் ஏறி இறங்கும்வரை காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருக்கலாம் என்று கிளம்பினேன். "கூடாரம் வேண்டாம் மாமா, தரை முழுக்க வேர். மழை வந்தால் அடியில் தண்ணீர் ஓடும். ஹேமக் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றான். இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்று கிடைத்தது. உறையில் "500 கிலோ தாங்கும், இருவர் படுக்கலாம்" என்று அச்சடித்திருந்தார்கள். இருவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒருவன் படுத்ததற்கே இரண்டு தோளும் நெஞ்சுக்கு முன்னால் வந்து சந்தித்துக்கொண்டன.

அந்த இரவை வரிசையாகச் சொல்கிறேன், எது ஹேமக்கின் குற்றம், எது என் குற்றம் என்று பிரித்துச் சொல்லுங்கள். படுத்ததும் உடம்பு வில்லாக வளைந்தது. கால் நடுவே துணி ஒரு மேடாக எழும்பி ஆடுசதையை அழுத்தியது, முழங்கால் பின்பக்கமாக மடங்குவதுபோல் வலித்தது. இடுப்பு உயரத்தில் கட்டிய கயிறு நள்ளிரவுக்குள் இறங்கி, என் பின்புறம் தரையைத் தொடச் சிறிது இடைவெளிதான் பாக்கி. ஒன்றரை மணிக்கு மழை. மேலே ஃபிளைஷீட் (மழைக்குக் கட்டும் கூரைத் துணி) இருந்தது, ஆனாலும் கயிறு வழியாகவே தண்ணீர் உள்ளே வந்து கால்மாட்டில் குளம் கட்டியது. நான்கு மணிக்கு முதுகில் குளிர். மலேசியாவில், அதுவும் ஹுலு லங்காட்டில், முதுகு குளிரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். விடிந்து பார்த்தால் முதுகில் மட்டும் 23 கொசுக்கடி. துணி வழியாகவே கடித்திருக்கின்றன.

பக்கத்து மரத்தில் அக்காள் மகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உயரம் 178 செ.மீ. இரவில் இரண்டு முறையாவது எழுந்து ஒதுங்க வேண்டும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செலவு 400 வெள்ளிக்குள். விளம்பரங்களைப் பார்த்தால் எத்தனை பை, எத்தனை நிறம், புட்டி வைக்க இடம் உண்டா என்றுதான் இருக்கிறது. என்னென்ன அம்சம் கட்டாயம், எவை வெறும் அலங்காரம்?

தைப்பிங் மழைக்காரன்

எனக்கு 64, அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். நில அளவைக் குழுவோடு காட்டில் கித்தான் துணி ஹேமக்கில் படுத்துப் பழகியவன். ஊரும் தைப்பிங், மழையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

உங்கள் குற்றம் பாதி, வாங்கியதன் குற்றம் பாதி.

முதலில் நீளம். மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைகளில் மலிந்து கிடப்பவை 9 அடி, அதாவது ஏறத்தாழ 270 செ.மீ. உங்கள் உயரத்துக்கு 11 அடி, ஏறத்தாழ 335 செ.மீ. வேண்டும், அகலம் 150 செ.மீ. போதும். "இருவருக்கு" என்று விற்பதில் அகலத்தைத்தான் கூட்டுகிறார்கள், நீளத்தைக் கூட்டுவதில்லை. அந்த அகலம் இரண்டு பக்கமும் தொளதொளவென்று முகத்தில் வந்து விழும். நீளம் இருந்தால்தான் குறுக்காகப் படுக்க முடியும். நடுக்கோட்டில் தூளிப் பிள்ளை மாதிரிப் படுக்கக் கூடாது தம்பி. தலையை ஒரு பக்கம், காலை எதிர்ப் பக்கம் தள்ளிக் கோணலாகப் படுத்தால் துணி தட்டையாகி முதுகு நேராகும். ஆடுசதை மேடும் தோள் நெருக்கமும் குட்டையான துணியில் கோணலாகப் படுக்க இடமில்லாததால் வருபவை.

இரண்டாவது, தொய்வு. "விறைப்பாகக் கட்டினால் வளையாது" என்று நினைத்துத்தானே இழுத்துக் கட்டினீர்கள்? எல்லோரும் செய்வதுதான். ஹேமக்கை மரத்தோடு கட்டும் வார் தரைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் இருந்தால் உங்கள் 92 கிலோவுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் 92 கிலோ இழுவை. அதையே 10 பாகையாக இறுக்கினால் ஒவ்வொரு பக்கமும் 265 கிலோ. கயிறு நீளும், முடிச்சு வழுக்கும், மரப்பட்டை கிழியும். உறையில் போட்ட 500 கிலோ எந்தக் கோணத்தில் என்று அவர்களைக் கேளுங்கள். அளக்கக் கருவி வேண்டாம்: கட்டைவிரலை நேர் மேலே, சுட்டுவிரலைக் கிடையாக நீட்டுங்கள். இரண்டு நுனிகளையும் தொட்டுக்கொண்டு வார் போனால் சரி. உட்காரும்போது நாற்காலி உயரம் இருக்க வேண்டும். மரங்களுக்கு இடையே 4 மீட்டர், நாலரை மீட்டர் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் விரலை நீட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் மூன்றாவது அம்சம்: முகட்டுக் கயிறு. ஹேமக்கின் இரண்டு முனைகளையும் மேலே இணைக்கும் நீளாத மெல்லிய கயிறு. துணியின் நீளத்தில் 83 விழுக்காடு என்பது பழக்கத்தில் வந்த கணக்கு, 335-க்கு 278 செ.மீ. இது இருந்தால் மரம் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் தொய்வு மாறாது. கொசுவலை தொங்கவும், கண்ணாடியும் கைவிளக்கும் மாட்டவும் அதுவே ஆகும். அதன்பின் பை எதற்கு?

வார்: பாலியெஸ்டர், குறைந்தது ஓர் அங்குல அகலம். நைலான் வேண்டாம், அது நீளும், நனைந்தால் இன்னும் நீளும். உங்களை இரவில் தரைக்கு இறக்கியது அதுதான். துணி நைலானாக இருக்கலாம், வார் கூடாது.

மழை. வாரில் ஓடி வரும் தண்ணீர் ஹேமக்கைத் தொடுவதற்கு முன்னால், ஃபிளைஷீட்டின் நிழலுக்குள், ஒரு பழைய காலணிக் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும். காசு செலவில்லாத இந்த அம்சத்தை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். ஃபிளைஷீட்டின் முகடு ஹேமக்கின் இரண்டு முனைகளையும் தாண்டி ஒரு சாணாவது நீள வேண்டும். 3க்கு 3 மீட்டர் சதுரமாக இருந்தால் மூலைவாட்டில் கட்டுங்கள், முகடு நாலேகால் மீட்டர் கிடைக்கும். பக்கச் சாரலுக்கு மட்டும் கொஞ்சம் திறப்பு இருக்கும், அதற்குத் தாழ இறக்கிக் கட்ட வேண்டியதுதான்.

கிள்ளான் தையற்காரி

பஸ்கார அண்ணனுக்கு வணக்கம். பெரியவர் நீளத்தையும் மழையையும் சொல்லிவிட்டார், நான் துணியையும் கொசுவையும் சொல்கிறேன். பகலில் பள்ளிச் சீருடை தைக்கிறேன், இதுவரை ஐந்து ஹேமக் தைத்திருக்கிறேன்.

உங்கள் முதுகுக் குளிரும் கொசுக்கடியும் ஒரே குறையின் இரண்டு முகம்: ஒற்றைத் துணி. அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், அது உடம்புச் சூட்டை வாங்கிப் போய்விடும். உறங்குபையில் படுத்தாலும் முதுகுப் பக்கத்துப் பஞ்சு உங்கள் எடையில் நசுங்கிக் காகிதமாகிவிடுவதால் பயன் இல்லை. கொசுவுக்கோ, தோலோடு ஒட்டி இழுத்துக் கட்டிய மெல்லிய துணி ஒரு தடையே இல்லை. இரண்டுக்கும் சேர்த்து இரட்டை அடித்துணி உள்ளதாக வாங்குங்கள். நடுவே மெல்லிய நுரைப்பாயை நுழைத்துவிட்டால் அது நழுவாது, குளிரும் ஏறாது, கொசுவின் ஊசியும் எட்டாது. ஒற்றைத் துணியின் மேல் பாயைப் போட்டுப் படுத்தால் நடு இரவில் பாய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். கேமரன் மலைப் பக்கம் போவதானால் ஹேமக்குக்கு வெளியே அடியில் தொங்கவிடுகிற பஞ்சு மெத்தை விரிப்பு இருக்கிறது, எடையில் நசுங்காது. நுவாங்குக்கு அது தேவையற்ற செலவு.

துணி ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாகத் தடித்த நூல் வைத்து நெய்தது. ஒற்றையானால் உங்கள் எடைக்கு 70 டெனியர் (நூலின் தடிமன் அளவு), இரட்டையானால் 40 டெனியரே தாங்கும். வாங்கும்போது ஓரத்தை உற்றுப் பாருங்கள். மலிவானவற்றில் மூன்று துண்டுகளை நீளவாக்கில் ஒட்டுப்போட்டுத் தைத்திருப்பார்கள். ஒரே அகலத் துணியே நல்லது. முனையில் துணியைச் சுருக்கிக் கயிற்றால் இறுக்கியிருக்க வேண்டும், அப்போது சுமையைத் துணி முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும். கடற்கரை விடுதிகளில் இரண்டு பக்கமும் கட்டை வைத்துப் பாய்போல் விரித்த ஹேமக் தொங்கும், பார்க்கத் தட்டையாக அழகாக இருக்கும். புரண்டால் ஆளைக் கவிழ்த்துவிடும், காட்டுக்கு வேண்டாம்.

இரவில் எழுவதைப் பற்றிச் சொன்னீர்களே, வெட்கப்பட ஒன்றுமில்லை, பலரும் கேட்கத் தயங்குகிற அம்சம் அதுதான். கொசுவலை ஹேமக்கோடு சேர்த்துத் தைத்து, பக்கவாட்டில் நீள ஜிப், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இழுக்கும்படி இரட்டைத் தலையோடு இருக்கட்டும். தனியாகத் தொங்கும் வலை உறை விலை குறைவு, ஆனால் இருட்டில் அதன் வாயைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவசரம் காத்திருக்காது. ஹென்னஸி என்ற நிறுவனத்தின் பழைய வகையில் அடிப்புறத்துப் பிளவு வழியாக ஏறுவார்கள், படுத்ததும் எடையில் அது தானாக மூடிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனமான வடிவம்தான். வயிறு உள்ளவர்கள் கடையிலேயே ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சிலர் துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளிப்பார்கள். வீட்டில் பூனை இருந்தால் மருந்து காயும்வரை அதைக் கிட்டே விடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

கூடாரமே சரணம்

எல்லாம் சரி, மரம்? மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கேமரன் பக்கத்து இராவ் மலையில் 2,000 மீட்டருக்கு மேல் பாசி போர்த்திய குட்டை மரங்கள், 92 கிலோவைத் தொங்கவிட ஒன்றும் அகப்படாது. செம்பனைத் தோப்பில் மட்டையடியும் முள்ளும் எலியும், எலி இருந்தால் பாம்பும். பழைய ரப்பர் தோட்டத்தில் நேர்வரிசையில் மரம் நிற்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், ரப்பர் மரம் காற்றுக்கு முறியும். பால் வெட்டுகிற மரமானால் தோட்டக்காரரும் முறைப்பார். டுரியான் காய்க்கும் காலத்தில் எந்த மரத்தடி என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள். செவ்வெறும்பு ஊரும் மரமானால் உங்கள் வார்தான் அவற்றுக்கு நெடுஞ்சாலை. இதற்குக் கூடாரம் எவ்வளவோ மேல்.

தைப்பிங் மழைக்காரன்

இதில் நான் எதிர்வாதம் செய்யவில்லை. எந்த மரமானாலும் தலைக்கு மேல் காய்ந்த கிளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆனால் லோலோ முகாமில் வேரின்மேல் கூடாரம் போட்டு இவர் தூங்கியதுண்டா என்று கேளுங்கள்.

காஜாங் பஸ்காரர்

எல்லோருக்கும் நன்றி. அக்காள் மகனின் ஹேமக்கை அளந்தேன்: 11 அடி. பயல் என்னிடம் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று மாலை அதை வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் ரம்புத்தான் மரத்துக்கும் வாசல் தூணுக்கும் இடையே கட்டி, கோணலாகப் படுத்துப் பார்க்கப் போகிறேன். வீட்டுக்காரி ஏற்கெனவே சிரிக்கிறாள்.

தைப்பிங் மழைக்காரன்

தூணில் கட்டாதீர்கள்! செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத்தான் தாங்கும், பக்கவாட்டு இழுவைக்கு அப்படியே உங்கள்மேல் சாயும். இதைப் படித்துவிட்டு ஒரு வரி பதில் போடுங்கள்.

காஜாங் பஸ்காரர்

படித்தேன் ஐயா, கட்டுவதற்கு முன்பே படித்தேன். ரம்புத்தானுக்கும் பக்கத்து வீட்டு மாமரத்துக்கும் இடையே கட்டினேன். அவர்கள் வேலி தாண்டி எட்டிப் பார்த்தார்கள், போகட்டும். கோணலாகப் படுத்ததும் முதுகு நேராகப் போய் உட்கார்ந்தது, முழங்காலுக்கு அடியில் மேடு இல்லை. நாற்பது நிமிடம் தூங்கியிருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையில் முப்பது வருடமாகத் தேடியது இதுதான் போலிருக்கிறது.

ஆகவே: 11 அடி, இரட்டை அடித்துணி, முகட்டுக் கயிறு, பாலியெஸ்டர் வார், சேர்ந்த வலை. ஃபிளைஷீட் என்னிடம் இருப்பதே 3க்கு 3, அதுவே போதும். கடையில் இவை எல்லாம் சேர்ந்தாற்போல் 400 வெள்ளிக்குள் அகப்படவில்லை. தையற்காரத் தங்கச்சி, நீங்கள் தைத்துத் தருவீர்களா? ஒரே ஒரு சந்தேகம். எனக்குத் தலை இடது பக்கம், கால் வலது பக்கம் வைத்தால்தான் சுகம். ஜிப் எந்தப் பக்கம் வர வேண்டும்?

கிள்ளான் தையற்காரி

தைக்கலாம் அண்ணன். தீபாவளித் தையல் கூட்டம் தொடங்கும் முன் துணி வந்து சேர வேண்டும். ஜிப்பை இரண்டு பக்கமும் வைத்துவிடுகிறேன், 25 வெள்ளி கூடும். இரவில் எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் ஆறு என்று தெரியாமல் கட்டியிருப்பீர்கள்.

காஜாங் பஸ்காரர்

வையுங்கள். நிறம் எதுவானாலும் சரி, மஞ்சள் மட்டும் வேண்டாம். முப்பது வருடம் போதும்.