எம்.எல்.ஏ. இல்லாத மாதங்கள்: உங்கள் தொகுதியில் என்ன நடந்தது?

வாய்க்கால்மேடு:
2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்த, தினகரன் பக்கம் நின்ற 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் எங்கள் எம்.எல்.ஏ.வும் ஒருவர். வழக்குக் கதை எல்லாருக்கும் தெரியும், விடுங்கள். வாய்க்கால் பாலம் இடிந்து பிள்ளைகள் பனந்தடியில் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். ஊரே கையெழுத்துப் போட்ட மனுவை பாலிதீன் கவரில் சுருட்டிக்கொண்டு அப்பாவும் நானும் எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனால், பூட்டு. பக்கத்துக் கடைக்காரர், "எம்.எல்.ஏ.வே கிடையாதேங்க, யார்கிட்ட கொடுப்பீங்க?" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் குனிந்து ஷட்டருக்கு அடியில் மனுவைத் தள்ளினார். யாரும் எடுக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். ஓட்டுப்போட 2019 ஏப்ரல் 18 வரை, 19 மாதம் ஆனது.

டெல்டாக்காரன்:
அவசரமும் ஆபத்துதான். கலைஞர் மறைவுக்குப் பின் திருவாரூருக்கு 2019 ஜனவரி 28-ல் தேர்தல் என்றார்கள். கஜா புயல் அடித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது, எங்கள் வீட்டுக்கு மேலே தார்ப்பாய்தான் கூரை. நடத்தை விதி வந்தால் நிவாரணம் நின்றுவிடும் என்று அம்மா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. ரத்து என்று செய்தி வந்த பிறகுதான் சாப்பிட்டார்.

சட்டமணி:
டெல்டாக்காரன், புயலை எல்லா ஊருக்கும் பொருத்தாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு, இடம் காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தச் சொல்கிறது. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலோ, ஆறு மாதத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்று தந்தாலோதான் விலக்கு. 18 தொகுதி விஷயத்தில் ஆணையத்தின் கை நீதிமன்ற உத்தரவால் கட்டப்பட்டிருந்தது. தகுதி நீக்கத்தை எதிர்த்த வழக்கில் 2018 ஜூன் 14-ல் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னபோது நான் ஜூனியர் வக்கீலாக வராந்தாவில் நின்றேன், மூன்றாவது நீதிபதி முடிக்க அக்டோபர் 25 ஆகிவிட்டது. தகுதி நீக்க வழக்குகளுக்குக் கெடு வைக்காமல் தேர்தலை மட்டும் வேகப்படுத்தச் சொல்லிப் பயனில்லை. அப்புறம் வாய்க்கால்மேடு, மனுவை ஷட்டருக்கு அடியில் போடக்கூடாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, நகலைப் பத்திரமாக வைக்க வேண்டும், ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பெருந்துறைரோடு:
மனசு வைத்தால் வேகமாக நடக்கும், ஈரோடு கிழக்கில் பார்த்தோமே. 2023 ஜனவரி 4-ல் எம்.எல்.ஏ. இறந்தார், பிப்ரவரி 27-ல் வாக்குப்பதிவு. அடுத்தவர் 2024 டிசம்பர் 14-ல் போனார், பிப்ரவரி 5-ல் மறுபடி வரிசை. நடுவே மக்களவைத் தேர்தல் வேறு. இரண்டு வருடத்தில் மூன்று முறை மை வைத்தார்கள், மூன்றாவது முறை பாட்டி விரலை நீட்டிக்கொண்டே, "இவராவது நல்லா இருக்கணும்" என்றார்.

வாய்க்கால்மேடு:
சட்டமணி அண்ணா, கலெக்டர் ஆபீசுக்கும் போனோம். மனுவைப் பிரித்ததும் அங்கே இருந்தவர் முதலில் கேட்டது, "எம்.எல்.ஏ. லெட்டர் இருக்கா?"